அரிசியும் பயறும்: அக்கரை நாடுகளின் அன்றாட ஆகாரம் உண்டான விதம்

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேற்கேயுள்ள கியூபா, ஜமெய்க்கா, ஹைட்டி, கோஸ்டா ரிக்கா, நிகராகுவா, பிரேஸில் முதலிய நாடுகளில் ஜனங்களின் சாதாரண ஆகாரம் யாதெனில் சோறும் பயறுமாகும். சோற்றின் மேல் வெந்த பயற்றை ஊற்றிக்கொள்வதும் உண்டு. இரண்டையும் ஒரே பானையில் சமைப்பதும் உண்டு. ஏழையின் குடிசையிலும் தனவந்தரின் மாளிகையிலும் இது காணப்படுகிறது. பிரேஸில் தேசத்தில் "பயறும் சோறும்" என்ற சொற்றொடருக்கே தினப்படியான, விசேஷமற்ற காரியம் என்று பொருள் வழங்குகிறது.

எனினும், இவ்வளவு சகஜமான இந்த ஆகாரம் அந்த நாடுகளில் ஆதியிலிருந்து வழங்கியதன்று. கொலம்பஸ் 1492-ம் வருஷத்தில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த காலத்தில் அங்கே ஆசிய நெல்லும் இல்லை, ஆப்பிரிக்க நெல்லும் இல்லை. தட்டைப்பயறும் துவரையுங்கூட அங்கே கிடையா. மூன்று கண்டங்களின் விதைகளும் பல ஜாதி மக்களின் கைப்பழக்கமும் ஒன்றுகூடியே இந்த உணவு உருவாயிற்று. அது உருவான விதத்தையும், நிலைத்து நின்ற காரணத்தையும், சில இடங்களில் அதன் விளைச்சல் குடியானவன் கையை விட்டு நீங்கிய வகையையும் அறிவது நெல் விளைவிக்கும் எந்த நாட்டாருக்கும் பிரயோஜனமாகும்.

விதைகளின் பிறப்பிடம்

பயிரிடப்படும் நெல்லில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று, சீன தேசத்தில் யாங்ஸி நதிப் பள்ளத்தாக்கில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட ஆசிய நெல். உலகில் இன்று விளையும் நெல்லில் மிகப் பெரும்பகுதி இதுவே. மற்றொன்று ஆப்பிரிக்க நெல். இது மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நதியின் உள்நாட்டு வெள்ளப் படுகையில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுக் குடியானவர்களால் தனியே பயிராக்கப்பட்டது. இதன் அரிசி பெரும்பாலும் சிவந்த நிறமுடையது. குத்தும்போது எளிதில் நொறுங்குவது. கதிரிலிருந்து மணி உதிரும் குணமும் உண்டு. ஆயினும் வெள்ளத்தையும் களையையும் தாங்கி வளர்வதால் அந்த நாட்டுக்கு ஏற்றதாயிருந்தது.

பயறு வகைகளில் இங்கே முக்கியமானவை மூன்று. முதலாவது தட்டைப்பயறு, அதாவது காராமணி. இதன் தாயகம் ஆப்பிரிக்கா. கானா நாட்டின் மத்திய பாகத்தில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட காராமணி விதைகள் பூமியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இந்தியாவுக்கும் இது மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்தது. இரண்டாவது துவரை. இதன் தாயகம் இந்தியா. இது இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போயிற்று. மூன்றாவது, தமிழ் நாட்டுக் கடைகளில் பீன்ஸ் என்று காயாகவும், ராஜ்மா என்று முற்றிய விதையாகவும் விற்கப்படும் அமெரிக்க அவரை. இது மெக்ஸிகோ பக்கத்தில் ஒரு முறையும், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சாரலில் ஒரு முறையும் தனித்தனியே பயிராக்கப்பட்டது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை, புள்ளி என இதில் நிறங்கள் பல.

அமெரிக்கக் கண்டத்தின் பூர்வ குடிகள் இந்த அவரையை மக்காச்சோளத்துடனும் பூசணியுடனும் ஒரே வயலில் கலந்து பயிரிட்டனர். சோளத்தண்டு கொடிக்குக் கொம்பாயிற்று. பூசணி இலை நிலத்தை மூடிக் களையை அடக்கிற்று. உண்பதிலும் மக்காச்சோளமும் அவரையும் சேர்ந்தே இருந்தன. தானியத்தோடு பயற்றைக் கூட்டி உண்ணும் வழக்கம் அவ்விடத்திலும் முன்னமே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆப்பிரிக்கக் கரையில் இருந்த வழக்கம்

அரிசியையும் பயற்றையும் கூட்டிச் சமைப்பது எந்த ஒரு தேசத்தாருக்கும் தனியுரிமையன்று. இந்தியாவில் அரிசியும் பாசிப்பயறும் சேர்ந்த கிச்சடியைப் பதினான்காம் நூற்றாண்டில் இங்கே சஞ்சரித்த இபின் பதூதா குறிப்பிட்டிருக்கிறார். தமிழ் நாட்டுப் பொங்கலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அராபிய நாடுகளில் அரிசியும் மைசூர்ப் பருப்பினமும் சேர்ந்த உணவு இடைக்காலச் சமையல் நூல்களில் காணப்படுகிறது. நெல்லும் பயறும் விளையுமிடத்தில் இரண்டும் ஒரு பானையில் சேர்வது இயல்பேயாகும்.

ஆனால் அமெரிக்கக் கண்டத்து உணவுக்கு நெருங்கிய உறவு மேற்கு ஆப்பிரிக்காவிலேயே உள்ளது. செனகால் நாட்டில் சோறும் காராமணியும் கூடிய "செபு நியெபெ" என்ற உணவு வழங்குகிறது. கானா நாட்டில் "வாச்செ" என்பது காலை ஆகாரமாகத் தெருத்தோறும் விற்கப்படுகிறது. காராமணியை முதலில் வேகவிட்டு, அந்த நீரிலேயே அரிசியையும் இட்டு, சிவந்த சோளத் தட்டையின் இலையுறைகளையும் போட்டுச் சமைப்பார்கள். அதனால் சோறு செந்நிறம் பெறுகிறது. ஹௌஸா மொழியில் அரிசியும் பயறும் என்று பொருள்படும் தொடரின் சுருக்கமே இந்தப் பெயர்.

பயற்றை முன்னே வேகவைத்து அதன் சாற்றிலேயே அரிசியைப் போடும் இந்த முறை கவனிக்கத்தக்கது. ஜமெய்க்காவிலும், கியூபாவிலும், தென் கரோலைனாவிலும் ஒரே பானையில் சமைக்கும் வகைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை. விதை மாறினாலும் சமைக்கும் கை மாறவில்லை.

கடலைக் கடந்தது எவ்வாறு

ஸ்பெயின் தேசத்தில் அராபியர் ஆட்சிக் காலத்தில் நெல் சாகுபடி வேரூன்றியிருந்தது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் தங்கள் குடியேற்ற நாடுகளுக்கு நெல்லைக் கொண்டு சென்றனர். இஃது ஒரு வழி. மற்றொரு வழி அடிமை வியாபாரம். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் சுமார் 1 கோடியே 25 லக்ஷம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் சுமார் 18 லக்ஷம் பேர் நடுக்கடலிலேயே மாண்டனர். இந்தக் கப்பல்களுக்கு வழியுணவாக ஆப்பிரிக்கக் கரையில் அரிசியும், காராமணியும், வள்ளிக்கிழங்கு வகைகளும் மூட்டை மூட்டையாக வாங்கப்பட்டன. ஐரோப்பாவிலிருந்து வந்த மொச்சையினமும் அவித்துக் கொடுக்கப்பட்டது. மிஞ்சிய தானியம் அக்கரையில் விதையாயிற்று.

விதை சென்றால் மட்டும் பயிர் உண்டாகிவிடாது. பயிரிடத் தெரிந்தவர் வேண்டும். வட அமெரிக்காவின் தென் கரோலைனாக் குடியேற்றம் 1670-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே நெல் ஏற்றுமதிப் பயிராகிவிட்டது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் சொந்த நாட்டில் நெல்லைப் பயிரிட்டவர்களல்லர். வயலில் நின்றவர்களோ, நெல் விளையும் கரையிலிருந்து பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். உரலும் உலக்கையும் கொண்டு குத்துவதும், புல்லால் பின்னிய முறங்களில் புடைப்பதும், குதிகாலால் குழி செய்து விதையை மூடுவதும் ஆப்பிரிக்க முறைகளேயாகும்.

கரோலைனாவின் நெல் தொழில் முழுவதும் ஆப்பிரிக்கரின் அறிவால் ஏற்பட்டதென்று ஜூடித் கார்னி என்ற பூகோள நூலாசிரியை 2001-ம் வருஷத்தில் வெளியிட்ட "கறுப்பு அரிசி" என்ற நூலில் விரிவாக வாதித்தார். டேவிட் எல்டிஸ் முதலிய சரித்திரக்காரர் 2007-ம் வருஷத்தில் அதை மறுத்து, கப்பல் கணக்குகளைக் கொண்டு பார்த்தால் அவ்வளவு தூரம் சொல்ல இயலாது என்றனர். வாய்க்கால், மடை முதலிய பெரிய அமைப்புகளில் யாருடைய யோசனை எவ்வளவு என்பதில் விவாதம் இருக்கலாம். உழைப்பு யாருடையது என்பதிலும், அடுப்படியில் கை யாருடையது என்பதிலும் விவாதத்துக்கு இடமில்லை.

அடிமையின் சிறு பாத்தி

கரோலைனா நெற்பண்ணைகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளந்து விடுவது வழக்கம். களையெடுப்புக்கு அந்த அளவு பெரும்பாலும் கால் ஏக்கர். அதை முடித்தபின் எஞ்சும் பொழுதில் அடிமைகள் தங்கள் குடிசையருகே சிறு பாத்திகளில் காராமணி, கிழங்கு, கீரை முதலியவற்றைப் பயிரிட்டுக்கொண்டனர். ஜமெய்க்காவில் கரும்புத் தோட்டத்து முதலாளிகள் மலைச்சரிவில் கரும்புக்கு ஆகாத நிலத்தை அடிமைகளின் உணவுப் பயிருக்கென ஒதுக்கினர். ஆகாரச் செலவைக் குறைப்பதே அவர்கள் நோக்கம். ஆனால் அந்தப் பாத்திகளில் விளைந்தது அடிமைகளின் இஷ்டப்படியான பயிராக இருந்தது. மிகுதியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்று நாலு காசும் தேடினர்.

இந்தப் பாத்திகளே அரிசியும் பயறும் கூடிய ஆகாரத்தின் நாற்றங்கால் எனலாம். பண்ணையின் முழு அரிசி கப்பலேறிப் போயிற்று. நொறுங்கிய நொய் உழைத்தவர் பங்குக்கு வந்தது. பாத்தியின் பயறு அதனுடன் சேர்ந்தது. நாள் முழுதும் வயலில் நிற்பவருக்கு ஒரே அடுப்பில் ஒரே பானையில் ஆகிவிடும் உணவே வசதியானது. பயறு காய்ந்தபின் மாதக்கணக்கில் கெடாது. மாமிசம் கிடைக்காத நாளிலும் வயிற்றை நிறைக்கும்.

தேசந்தோறும் மாறிய விதை

கரோலைனாவில் காராமணியே நிலைத்தது. "ஹாப்பின் ஜான்" என்று வழங்கும் காராமணிச் சோற்றின் செய்முறை, ஸாரா ரட்லெட்ஜ் என்ற மாது 1847-ம் வருஷத்தில் வெளியிட்ட சமையல் நூலில் இடம்பெற்றது. புது வருஷப் பிறப்பன்று இதை உண்டால் அவ்வருஷம் சுபமாக இருக்குமென்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் சிவப்பு அவரையும் சோறும் திங்கட்கிழமை ஆகாரம். அன்று துணி வெளுக்கும் நாளாதலால், அடுப்பில் ஏற்றிவிட்டு மற்ற வேலையைக் கவனிக்கத்தக்க உணவாக இது அமைந்தது. அந்நகரில் பிறந்த சங்கீத வித்துவான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தம் கடிதங்களின் முடிவில் இந்த ஆகாரத்தின் பெயரையே சேர்த்துக் கையெழுத்திடுவதுண்டு.

கியூபாவில் கறுப்பு அவரையும் வெண்சோறும் சேர்ந்ததற்கு "மூர்களும் கிறிஸ்தவர்களும்" என்று பெயர். ஸ்பெயின் தேசத்தில் பல நூற்றாண்டுகள் நடந்து 1492-ல் முடிந்த யுத்தங்களின் ஞாபகம் அப்பெயரில் உள்ளது. அதே தீவின் கிழக்குப் பாகத்தில் சிவப்பு அவரையிட்டதைக் "கொங்ரி" என்பர். ஹைட்டியில் 1791-ம் வருஷத்தில் தொடங்கிய அடிமைகளின் புரட்சியின்போது அங்கிருந்து பலர் கிழக்குக் கியூபாவில் குடியேறினர். அவரையைக் குறிக்கும் சொல்லும் அரிசியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்து இப்பெயர் உண்டாயிற்றென்று சொல்லப்படுகிறது. கோஸ்டா ரிக்காவும் நிகராகுவாவும் "புள்ளிச் சேவல்" என்ற பெயருடைய பயற்றுச் சோற்றைத் தத்தம் சொந்தமென்று இன்றும் வழக்காடுகின்றன.

துவரை சென்ற வழி தமிழ் நாட்டாருக்கு விசேஷமானது. ஆப்பிரிக்கக் கரை வழியாகச் சென்றமையால் அது மேற்கிந்தியத் தீவுகளில் "காங்கோப் பயறு", "அங்கோலாப் பயறு" என்று பெயர் பெற்றது. பச்சைத் துவரையிட்ட சோறு போர்ட்டோ ரிக்கோவில் கிறிஸ்துமஸ் பண்டிகை உணவாகும். ஜமெய்க்காவில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில் சிவப்பு அவரையுடன் துவரையும் பருவத்துக்கேற்ப இடம்பெறுகிறது.

அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் 1838-ம் வருஷத்தில் கயானாவுக்கும், 1845-ம் வருஷத்தில் டிரினிடாடுக்கும் அனுப்பப்படலாயினர். பெரும்பாலோர் வடநாட்டார், சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் உண்டு. பிற்காலத்தில் கயானாவின் நெல் சாகுபடி பெருகியதற்கு இவர்களே முக்கிய காரணம். டிரினிடாடில் துவரையும் மாமிசமும் சேர்த்துச் சமைக்கும் "பிலாவ்" என்ற சோற்றில் ஆப்பிரிக்கக் கையும் இந்தியப் பெயரும் கலந்திருக்கின்றன. தாயகத்தை விட்டு ஆப்பிரிக்கா வழியே சென்ற துவரையை, தாயகத்தை விட்டு வேறு வழியே சென்ற ஜனங்கள் அங்கே மறுபடி சந்தித்தனர்.

உடலுக்கும் மண்ணுக்கும் ஒரே கூட்டு

இந்தக் கூட்டு இத்தனை தேசங்களில் நிலைத்ததற்கு ருசி மாத்திரம் காரணமன்று. அரிசியில் நூற்றுக்குச் சுமார் 7 பங்கே புரதச்சத்து உண்டு; பயறு வகைகளில் 20 முதல் 25 பங்கு வரை உண்டு. அன்றியும், புரதத்தின் கூறுகளில் லைசின் என்பது அரிசியில் குறைவு, பயற்றில் அதிகம். மெத்தியோனின் என்பது பயற்றில் குறைவு, அரிசியில் போதுமான அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் பாலும் மாமிசமும் அரிதாகக் கிடைக்கும் வீட்டாருக்கும் இந்தக் கூட்டு தேகபலம் தருகிறது. இரண்டும் ஒரே கவளத்தில் சேரவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை; ஒரு நாளைய ஆகாரத்தில் இரண்டும் இருந்தாற் போதும். தீட்டிய அரிசி இழக்கும் தையமின் என்ற உயிர்ச்சத்தையும் பயறு ஓரளவு ஈடு செய்கிறது. பிரேஸில் சர்க்கார் 2014-ம் வருஷத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலும் இந்தப் பழைய ஆகாரத்தையே சிறந்ததற்கு உதாரணமாகக் காட்டியது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிவப்பு அவரையைப் பச்சையாகவோ அரை வேக்காடாகவோ உண்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும். இரவு ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டே சமைத்தல் வேண்டும்.

மண்ணிலும் இதே உறவு நடைபெறுகிறது. பயற்றுச் செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1886-ம் வருஷத்தில் அறிவித்தனர். காரணம் அறியாவிடினும் பலனை அறிந்திருந்த குடியானவர்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தானியத்தையும் பயற்றையும் மாற்றியும் கலந்தும் பயிரிட்டு வந்தனர். ஆனால் எல்லாப் பயறும் ஒரே அளவு பலன் தருவதில்லை. காராமணியும் துவரையும் இதில் வல்லவை. அமெரிக்க அவரை இவற்றினும் மெலிந்தது. செடியை வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பம். வேரும் உதிர்ந்த தழையும் வயலில் தங்கினால்தான் அடுத்த பயிருக்கு லாபம்.

ஹைட்டி நாடு தரும் பாடம்

ஒரு ஆகாரம் ஜனங்களிடம் நிலைத்திருப்பதும், அது அந்த மண்ணிலேயே விளைவதும் ஒன்றல்ல. ஹைட்டி நாட்டில் பயறு கூட்டிய சோறு தேசிய உணவென்றே சொல்லத்தக்கது. அங்குள்ள ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு நெல்லுக்குப் பேர்போனது. 1980-க்குச் சற்று முன்பின்னாக அந்நாடு தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்துக்கொண்டது. பின்னர் வெளிநாட்டு நிர்ப்பந்தத்தால் அரிசியின் இறக்குமதி வரி, 1995-ம் வருஷத்தில் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சர்க்கார் உதவி பெற்று அமெரிக்காவில் விளைந்த அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் நெல்லுக்கு விலையில்லாமற் போகவே, குடியானவர் பலர் நிலத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்தனர். இன்று அந்நாட்டு அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வருவதே. இந்தக் கொள்கையை ஆதரித்த முன்னாள் ஜனாதிபதி கிளிண்டன், அது தவறென்று 2010-ம் வருஷம் மார்ச் மாதத்தில் அமெரிக்க செனட் சபைக் குழுவின் முன் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதனால் தரிசான வயல்கள் மறுபடி விளைந்துவிடவில்லை.

இதற்கு மாறாகப் பிரேஸில் தேசம் தன் அரிசியையும் பயற்றையும் பெரும்பாலும் தன் நிலத்திலேயே விளைவித்துக்கொள்கிறது. நெல்லில் சுமார் 70 சதவீதம் தெற்கேயுள்ள ரியோ கிராண்டே டோ ஸுல் என்ற ஒரே மாகாணத்தின் பாசன வயல்களில் விளைகிறது. பயறோ தேசமெங்கும் சிறு நிலக்காரர் உட்படப் பலரால் விளைவிக்கப்படுகிறது.

கவனிக்கத்தக்கவை

துவரையின் தாயகமாகிய இந்தியாவே இன்று ஆப்பிரிக்காவிலிருந்து துவரையை இறக்குமதி செய்கிறது. மொஸாம்பிக் நாட்டுடன் இதற்கென 2016-ம் வருஷத்தில் உடன்படிக்கையும் ஏற்பட்டது. நெல் மட்டும் பெருகிப் பயறு குறைந்தால் ஆகாரத்தின் பாதி அந்நியர் கையில் போய்விடும் என்பதற்கு இதுவே போதிய எச்சரிக்கை.

ஆகவே நெல் வயலுள்ளவர்கள் பயற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது நலம். காவேரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பு, மெழுகுபதமான ஈரத்தில் உளுந்தோ பாசிப்பயறோ விதைத்துவிடுவது நெடுநாளைய வழக்கம். தனியே உழவும் நீரும் இல்லாமல், எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைகிறது. ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதை போதுமானது. வேர்முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் கலவையுடன் விதையைக் கலந்து விதைப்பது சிலாக்கியம். வரப்போரத்தில் துவரையும், இறவைத் தோட்டங்களில் ஊடுபயிராகக் காராமணியும் இடலாம். கிராம அதிகாரிகள் பயிர்க் கணக்கெடுக்கும்போது இவ்வகைச் சிறு பயிர்களையும் விடாமல் குறிப்பது அவசியம். கணக்கில் ஏறாத பயிர், விதை வழங்குவோரின் கவனத்துக்கும் கொள்முதல் செய்வோரின் கவனத்துக்கும் எட்டாது.

சொந்தமென்று ஒரு முழ நிலமும் இல்லாதவர்கள், அந்நியர் அளந்துவிட்ட வேலையை முடித்தபின், கிடைத்த பாத்தியில் ஒரு பிடி பயற்றை ஊன்றி ஒரு கண்டத்தின் ஆகாரத்தையே அமைத்தனர். சொந்த நிலமும் நீரும் உடையவர்கள் அந்தப் பயற்றை விட்டுவிடாமல் காப்பது அதனினும் எளிதேயாகும்.